பாவாடை தைத்த அட்டைப்படம்

"ஏங்க, இது என் மேஜை!"

"தெரியுது மிஸ். ரெண்டே நிமிஷம்... ஈரம் காஞ்சதும் எடுத்துடறேன்."

சொல்லிக்கொண்டே அவளுடைய பட்டாணி சூப்பை ஓரமாக நகர்த்திவிட்டான் அந்த ஆள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது, சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்த காகிதக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக மேஜையில் பரப்பினான்.

இர்மாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. ஹால்ஸ்டெட் தெருவில் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளிலேயே அவளுக்குத் தோதான மேஜை இது ஒன்றுதான். மூலை மேஜை. மூன்று பக்கமும் பலகை அடைத்தது. மேஜைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வருஷமாக வியாழக்கிழமை தோறும் அவள் இங்கேதான் வந்து உட்காருகிறாள்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

மேஜையில் அவள் முகம் கிடந்தது... முழுக்க மஞ்சளில். பக்கத்தில் இன்னொன்று, முழுக்கச் சிவப்பில். அதற்கடுத்து நீலத்தில். மூன்றும் அவள்தான். மூன்றும் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தன. கீழே குட்டைக் கால்சட்டை, நீண்டு வழவழத்த இரண்டு கால்கள், குதிகால் உயர்ந்த செருப்பு. அவை மட்டும் அவளுடையவை அல்ல.

"காமாலை, அம்மை, குளிர்ஜுரம்" என்றான் அவன், தாள்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு. "தனித்தனியா பார்த்தா ஆஸ்பத்திரியில சேர்க்கணும் போல இருக்கும். மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சு, கறுப்பு ஏத்தினாத்தான் பொண்ணு எந்திரிச்சு உட்காரும். பத்திரிகை அட்டைப்படம் மிஸ். ஆசிட்ல அச்சுத் தகடு அரிக்கிறது நான்தான். எதிர் மாடியில ஓவியர் அம்மாகிட்ட ப்ரூஃப், அதான் மாதிரி அச்சு, காட்டணும், அதுக்குள்ள இந்த மழை..."

நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அவள் கண்கள் சாம்பல் நிறம். மழைக்கு முந்தைய ஏரி எப்படி இருக்குமோ அப்படி. அவற்றை அவன் இத்தனை நாள் புள்ளி புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறான், பூதக்கண்ணாடியில், அமிலத் தொட்டிக்கு மேலே குனிந்துகொண்டு. இப்போது அவை இமைத்தன. அதற்கு அவன் தயாராக இல்லை.

"அந்த... இடது கண்ணோரத்து மச்சம்... நிஜமாவே இருக்கா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"முத மாசம் அதை நான் தூசின்னு நெனச்சேன். தகட்டுலேர்ந்து சுரண்டி எடுத்துட்டேன்."

"ஓ! என் மச்சத்தைத் தொலைச்ச மகானுபாவர் நீங்கதானா? எங்க ஓவியர் அம்மா அன்னிக்கு ரெண்டு தூரிகையை உடைச்சாங்க தெரியுமா?"

"எனக்கும் தெரியும். மறுநாள் நேர்ல வந்து என்னையும் உடைக்கப் பார்த்தாங்க."

இர்மா சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் திறக்க, காற்று உள்ளே பாய்ந்தது. சிவப்புத் தாள் எழும்பி, மேஜைக்கு அடியில் போய் விழுந்தது.

"விடுங்க! நான் எடுக்கிறேன்..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் குனிந்துவிட்டான். கோட்டை இழுத்து மூடப் பார்த்தாள், முடியவில்லை. அவன் தாளோடு வெளியே வந்தான், தலையை மேஜை விளிம்பில் நன்றாக இடித்துக்கொண்டு.

"அப்பா... கீழே ஒரே இருட்டு. கையால தடவித்தான் எடுத்தேன்" என்றான், தலையைத் தேய்த்தபடி.

அவன் முகத்தையே பார்த்தாள். பரிதாபம் இல்லை, அருவருப்பு இல்லை, மனிதர்களுக்கு வருகிற அந்த அவசரக் கருணை எதுவும் இல்லை. தலையில் ஒரு புடைப்பு மட்டும். பார்க்கவில்லை... கடவுளே, பார்க்கவில்லை.

அவன் பெயர் லியோன் கூபிக் என்று அன்று தெரிந்துகொண்டாள். அவன் கிளம்பித் தெருவைக் கடந்து மறைந்த பிறகுதான், பரிமாறுகிற மார்ஜ் கல்லாவுக்குப் பின்னாலிருந்து இர்மாவின் கைத்தடியை எடுத்துவந்து கொடுத்தாள்.

ஒன்பது வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இர்மாவின் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. இடுப்பிலிருந்து பாதம்வரை இரும்புச் சட்டம், தோல் பட்டைகள், முழங்காலில் ஒரு பூட்டு. எழுந்து நிற்கும்போது அந்தப் பூட்டு 'டக்' என்று விழும். அந்தச் சத்தம் கேட்டு முகம் மாறாத ஆண்பிள்ளையை அவள் இதுவரை கண்டதில்லை. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிற வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இடுப்புக்கு மேலேதானே தெரியும்! அந்தக் கூண்டில்தான் ஓவியர் மிஸஸ் க்ரேன் அவளைப் பிடித்தார்.

"முகம் உன்னோடது போதும். காலுக்கு வேற பொண்ணு இருக்கா. ஆனா ஒண்ணு, வெளியில மூச்சு விடக் கூடாது. அந்தப் படத்தைப் பார்க்கிறவன் சந்தோஷப்படணும். வியாதி ஞாபகம் வரக் கூடாது."

அப்படித்தான் சொன்னார். கெட்ட எண்ணத்தில் இல்லை, தொழில் பேச்சாகத்தான். அது இன்னும் மோசம்.

இப்படியாக யுத்தம் முடிகிறவரை இர்மாவின் முகமும், பெர்னிஸ் என்கிற நாட்டியக்காரியின் கால்களும் ஒட்டிக்கொண்டு, கடல் தாண்டிப் போய், ராணுவக் கூடாரங்களிலும் கப்பல் அறைகளிலும் ஆணியில் தொங்கின. ஆயிரக்கணக்கான பையன்கள் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே தூங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. மிஸஸ் க்ரேன் ப்ரூஃபில் பென்சிலால் திருத்தம் போட ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். அந்த ஒரு மணி நேரமும் லியோன் மூலை மேஜையில்தான். இர்மா அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பாள். கிளம்பும்போது மட்டும் வாரா வாரம் ஒரே கூத்து.

"நீங்க முதல்ல போங்க லியோன்."

"பொண்ணுங்கதானே முதல்ல போகணும், நாங்க கதவைப் பிடிக்கணும்?"

"எனக்கு இன்னும் ஒரு காபி பாக்கி இருக்கு."

"மூணு குடிச்சாச்சு!"

"எண்ணறீங்களா என்ன? போங்கன்னா போங்க... திரும்பிப் பார்க்காதீங்க. எனக்குப் பிடிக்காது."

போவான். வாசலில் தொப்பியைப் போடுவான், தெருவைக் கடப்பான், ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிறானே என்று சந்தோஷமாகவும் இருந்தது, திரும்ப மாட்டேனென்கிறானே என்று எரிச்சலாகவும் இருந்தது. இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். இர்மாவுக்குத்தான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

"ஏம்மா, எத்தனை நாளைக்கு இந்தப் பையனை முதுகைக் காட்டி அனுப்புவே?" என்று மார்ஜ் தடியை நீட்டிக்கொண்டே கேட்பாள். "சொல்லித் தொலையேன்!"

"சொன்னா அதுக்கப்புறம் வியாழக்கிழமை வராது மார்ஜ்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, நவம்பர் முதல் வாரம். அன்றும் மழைதான், ஆனால் குளிர் ஏறிய மழை. லியோன் சூப்பைத் தொடவில்லை. கொஞ்சம் இருமினான். அமிலப் புகையில் கெட்ட நெஞ்சு, அதனால்தான் பட்டாளம் அவனை வேண்டாம் என்றது. அவனுக்குப் பதில் போல அவன் தம்பி டாடெக் போனான். நாற்பத்து நாலில், சைப்பான் தீவுச் சண்டையில், பத்தொன்பது வயதில் செத்தான். இதை அவன் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்தான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"டாடெக் வர்றான்" என்றான் இப்போது.

இர்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"தீவுல புதைச்சவங்களையெல்லாம் தோண்டி எடுத்து, கப்பல்ல அனுப்பறாங்க. அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. இன்னும் ரெண்டு வாரத்துல ரயில்ல வந்துடுவான். ஒரு சிப்பாய் கூடவே வருவானாம்."

"லியோன்..."

"நான் ஒண்ணு கேட்கணும். அவனுக்கு நீங்க இருக்கிற அட்டைப்படத்தை அனுப்பிவச்சேன். 'இந்தக் கன்னத்துச் சிவப்பு உன் அண்ணன் கொடுத்தது'ன்னு எழுதினேன். அவன் பதில் எழுதினான்... 'அந்தப் பொண்ணு நிஜமா இருந்தா கேட்டு வை, நான் வந்ததும் நம்ம மாதா கோயில் மண்டபத்துல ஒரே ஒரு டான்ஸ்'னு. அதுதான் கடைசிக் கடிதம்." அவன் விரல்கள் மேஜை விளிம்பைத் தடவின. மஞ்சள் கறை ஏறிய விரல்கள். "அவன் வந்து சேர்றதுக்குள்ள... வர்ற சனிக்கிழமை... அவனுக்காக, என்கூட... ஆடணும்னுகூட இல்ல இர்மா, சும்மா..."

அவளுக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. டான்ஸ். மண்டபம். பளபளக்கிற மரத் தரை, நூறு ஜோடிக் கண்கள். டக் என்று விழுகிற பூட்டு. இவனும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்... இவனும்தான்! செத்துப்போன அந்தப் பையனும்தான்! இத்தனை வியாழக்கிழமைகளும் தான் இருந்த இடத்தில் பெர்னிஸ் உட்கார்ந்திருந்தது போல இருந்தது அவளுக்கு.

உண்மையைச் சொல்வதைவிடக் கெட்டவளாக இருந்துவிடுவது சுலபம் என்று தோன்றிவிட்டது.

"உங்க தம்பி காகிதத்தைப் பார்த்து ஏமாந்தான். நீங்களும் அதே காகிதத்தைப் பிடிச்சுட்டு அலையறீங்க" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஆசிட் நாத்தம் அடிக்கிற கையைப் பிடிச்சுட்டு ஆடறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா? போங்க. இனிமே இந்த மேஜைக்கு வராதீங்க."

லியோன் தன் கைகளைப் பார்த்தான். அவற்றை மெதுவாக மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு எழுந்தான், தொப்பியைப் போட்டான், தெருவைக் கடந்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ஜ் அன்று தடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை ப்ரூஃப் கட்டோடு லியோனின் அச்சுப் பட்டறை வண்டி ஓட்டுகிற கிழவர் ஓட்டோ வந்தார். இர்மா அப்போது மாடியில், மிஸஸ் க்ரேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காகிதக் குடை, முகத்தில் உத்தரவுப்படி ஒரு சிரிப்பு.

"லியோன் எங்கே?" என்று மிஸஸ் க்ரேன்தான் கேட்டார்.

"அவன் தம்பி வந்துட்டான்மா. நேத்து ரயில்ல. வீட்டுலதான் வச்சிருக்காங்க, கூடத்துல... சவப்பெட்டியைத் திறக்கக் கூடாதாம். நாளைக் காலையில அடக்கம்." கிழவர் தொப்பியைக் கையில் சுருட்டினார். "பாவம், அவன் அம்மா பெட்டியைத் தடவிட்டே உட்கார்ந்திருக்கு. உள்ளே இருக்கிறது தன் பிள்ளைதானான்னு கேட்டுட்டே இருக்கு. யார் என்ன பதில் சொல்ல முடியும்?"

இர்மாவின் கையிலிருந்த குடை கீழே இறங்கியது.

"அசையாதே! வெளிச்சம் போயிடும்" என்றார் மிஸஸ் க்ரேன்.

"மாமா, அவங்க வீடு எங்கே?"

"இர்மா! என்ன பண்றே? அந்தப் பட்டறையே அங்க வந்து நிக்கும். உன்னைப் பார்த்தா ஊர் பூரா தெரிஞ்சுபோகும். அப்புறம் நான் வேற முகம் தேடணும்!"

டக் என்று பூட்டு விழுந்தது. இர்மா எழுந்து நின்றிருந்தாள்.

"தேடிக்குங்க" என்றாள்.

கோயிலுக்குப் பின்தெரு. மர வீடு, இரண்டாம் மாடி. வெளிப்பக்கமாக ஏறுகிற மரப்படிகள், மழையில் வழுக்கின. இருபத்து மூன்று படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை வைத்து, மற்றதை இழுத்து... மேலே பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவள் உள்ளே வந்தபோது எல்லார் முகமும் அவள் பக்கம் இருந்தது. முதலில் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் கீழே. அவள் கோட்டை மூடிக்கொள்ளவில்லை. மூடிக்கொள்ள ஒரு கை மிச்சமில்லை.

கூடத்தின் நடுவே கொடி போர்த்திய பெட்டி. தலைமாட்டில் ஒரு சிப்பாய், விறைத்து நின்றான். அவனுக்கும் பத்தொன்பதுதான் இருக்கும். நாற்காலியில் குட்டையான ஒரு அம்மா, மடியில் ஜெபமாலை, ஒரு கை பெட்டிமேல். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி. பக்கத்தில்...

பக்கத்தில் அவள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய அட்டைப்படம். மடிப்பில் கிழிந்து, ஒரு மூலையில் பழுப்பாகக் கறை படிந்திருந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அந்தப் பெண்ணுக்கு ஒரு பாவாடை. நிஜத் துணிப் பாவாடை. நீலத் துணி, சின்னச் சின்ன மடிப்பு, காகிதத்தையே ஊசியால் குத்திக் குத்தித் தைத்த சன்னமான தையல். பெர்னிஸின் கால்கள் எங்கேயும் இல்லை.

அந்த அம்மா அவள் பார்ப்பதைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள்.

"நீதானா கண்ணு அது?"

"ஆமாம்மா." இர்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். "ஆனா... அந்தக் கால் என்னோடது இல்லம்மா. என்னோடது இதுதான். உங்க பையனை ஏமாத்திட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அவன் துணிமணியோட இதுவும் அப்பவே வந்துச்சு. சட்டைப் பையில வச்சிருந்தானாம். எம்பிள்ளை கடைசியா பார்த்த முகம், எப்படித் தூக்கிப் போடுவேன்? மாதா பக்கத்துல அரைகுறையா மாட்டவும் கூசுது. என் ஞாயித்துக்கிழமை உடுப்புல கொஞ்சம் வெட்டித் தச்சுவிட்டேன்." அந்த அம்மா எட்டி இர்மாவின் கன்னத்தைத் தொட்டாள். "காலை யார் பார்த்தா? நாலு வருஷமா நான் உன் முகத்துகிட்டதான் அவனைப் பத்திப் பேசிட்டிருக்கேன். உட்காரு கண்ணு. நனைஞ்சிருக்கே."

இர்மா உட்காரவில்லை. பெட்டியருகே போனாள். கொடிமேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே இருப்பவனிடம் என்ன சொல்வது? மன்னிச்சுக்கோ என்றாளா, வந்துட்டேன் என்றாளா... அவளுக்கே தெரியவில்லை. கண்ணீர் மட்டும் தானாக இறங்கியது.

நிமிர்ந்தபோது பெட்டிக்கு அந்தப் பக்கம் லியோன் நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

அந்தக் கைகளை அவன் ஏன் மறைக்கிறான் என்று இர்மாவுக்குத் தெரிந்தது.

"கையைக் காட்டுங்க லியோன்."

அவன் அசையவில்லை. அவளே பெட்டியைச் சுற்றிப் போனாள், டக்... டக்... என்று. பின்னாலிருந்து அந்த வலது கையை இழுத்து, தன் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டாள். தடி கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான் சொன்னது அத்தனையும் பொய். இதை மறைக்கத்தான் சொன்னேன். இப்பப் பார்த்தாச்சு இல்ல? இனிமே என்ன வேணா சொல்லுங்க..."

"முதல் நாளே தெரியும்."

"என்ன?"

"மேஜைக்குக் கீழே. சிவப்புத் தாளை எடுக்கிறப்ப."

"இருட்டா இருக்குன்னீங்களே!"

"பொய். விளக்கு வெளிச்சம் நேரே உங்க கால்மேலதான் விழுந்தது." அவன் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். "அதுக்கு முன்னாடியே பாதி தெரியும் இர்மா. எல்லாப் படத்துலயும் உங்க முகத்துக்கு வெளிச்சம் மேற்கு ஜன்னல்லேர்ந்து வரும், காலுக்குக் கிழக்கு ஜன்னல்லேர்ந்து வரும். காலுக்கு வர்றவங்க காலையில வந்துட்டுப் போறாங்க, நீங்க சாயங்காலம் வர்றீங்க. முகம் பார்க்கிறவன் காலைப் பார்க்கலை, கால் பார்க்கிறவன் முகத்தைப் பார்க்கலை, அதனால ஊருக்குத் தெரியல. நிழலை அரிச்சு அரிச்சு அந்த ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கிறதுதானே அஞ்சு வருஷமா என் வேலை!"

"தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா டான்ஸுக்குக் கூப்பிட்டீங்க?"

"ஆட யார் கூப்பிட்டா? ஒரு பாட்டு முடியற வரைக்கும் என் கையைப் பிடிச்சுட்டு சும்மா நின்னா போதும்னு சொல்ல வந்தேன். நீங்க சொல்ல விட்டாத்தானே?"

அவள் அழுதாள். அவ்வளவு பேர் எதிரில், சிப்பாயின் எதிரில். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான், ஆனால் அது டாடெக்குக்காகவும் சேர்த்து.

"அப்ப... வாரா வாரம் திரும்பிப் பார்க்காம போனீங்களே..."

"நீங்க சொன்னீங்க. அதான் போனேன். கழுத்து வலிக்கும் தெரியுமா?" இடது கையால் பின்கழுத்தைத் தேய்த்தான். "உங்களைப் பார்க்கிறதுதான் என் வேலை இர்மா. நீங்க பார்க்க வேண்டாம்னு சொன்ன இடத்துல பார்க்காம இருந்தேன். எனக்கு... உங்களைப் பிடிக்கும்னு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எனக்கும்" என்றாள். பிறகு, யாருக்கும் ஒளிக்காமல், வார்த்தையாகவே சொன்னாள்: "எனக்கு உங்க மேல காதல் லியோன். அந்த மச்சத்தைத் தொலைச்சதை ஒத்துக்கிட்ட நாள்லேர்ந்தேன்னு வச்சுக்கோங்க."

கூடத்தில் பாட்டு எதுவும் இல்லை. கிழவிகள் மறுபடி ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். அது முடியும்வரை அவர்கள் இரண்டு பேரும் பெட்டியருகே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டாடெக் கேட்ட டான்ஸ் அதுதான். அதற்குமேல் அவனுக்குத் தர யாரிடமும் எதுவும் இல்லை.

ஜெபம் முடிந்ததும் இர்மா குனிந்து தடியை எடுத்தாள். அவன் முந்தவில்லை, எடுக்க விட்டான்.

"நான் கிளம்பறேன். காலையில கல்லறைக்கு வர்றேன்."

"சரி... நான் வழக்கம்போல அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"வேண்டாம்." மரப்படியின் உச்சியில் நின்று அவள் அவனைப் பார்த்தாள். சாம்பல் கண்கள், அழுது சிவந்தவை. "இன்னிக்கு நான் முதல்ல போறேன். நீங்க பாருங்க. நான் தெருமுனை திரும்பற வரைக்கும் பார்த்துட்டே நில்லுங்க."

இருபத்து மூன்று படிகள். ஏறியதைவிட இறங்குவது கஷ்டம். அவள் அவசரப்படவில்லை. ஈரத் தெருவில் டக், டக் என்று போனாள், கோட்டை மூடாமல். தெருமுனையில் நின்று திரும்பினாள்.

லியோன் மாடிப்படியின் விளிம்பில், மழையில், தொப்பி இல்லாமல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.